கரணையும் கணக்கும்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி வடக்கே போகும் சாலைக்கு வால்டாக்ஸ் ரோடு என்று பெயர். அந்தப் பெயருக்குக் காரணமான மதில், கருப்பர் நகரத்தைக் காக்க எழுப்பப்பட்டது. 1758-59ல் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தப் பகுதியைச் சூறையாடிவிட்டுக் கோட்டையை முற்றுகையிட்டார். பத்தாண்டு கழித்து, 1769ல், ஹைதர் அலியின் குதிரைப்படை பரங்கிமலைப் பக்கம் வந்து நின்றது. இனியும் மதில் இல்லாமல் இருப்பதற்கில்லை என்று கும்பெனியார் முடிவெடுத்தார்கள். செலவைக் குடியிருப்பவர்களிடமே வரியாகத் தண்டிவிடலாம் என்றும் நினைத்தார்கள். வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் சாலையோடு ஒட்டிக்கொண்டது என்பார்கள். மதிலின் ஒரு துண்டு பழைய ஜெயில் ரோட்டில் மாடிப்பூங்காவாக இன்றும் நிற்கிறது.

அந்த மதிலுக்கான ஒப்பந்தத்தை எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. 1764ல் கும்பெனி ஊழியராகச் சென்னைக்கு வந்தவர். எஞ்சினியர் வேலை பார்த்தவர். அந்த வேலையை உதறிவிட்டுக் கான்ட்ராக்டரானவர். நேற்றுவரை அளந்து பார்த்துச் சரி சொல்லும் இடத்தில் இருந்தவர், இன்று பில் போடும் இடத்துக்கு வந்துவிட்டார். கோட்டை வேலைகளும் அவர் கைக்கே போயின. பணம் சேர்ந்ததும் வட்டிக்கு விட்டார். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்குக் கடன் கொடுத்தவர்களில் முதல் வரிசையில் அவர் பெயர் இருந்தது. நவாபின் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவரும் அவரே என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. கட்டித் தருபவரே கடனும் கொடுத்தால், வேலை சரியில்லை என்று வீட்டுக்காரர் எந்த வாயால் சொல்வார்? நவாபின் கடன் விவகாரம் இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை போயிற்று. 1785ல் எட்மண்ட் பர்க் அதைப் பற்றிப் பேசியபோது பென்ஃபீல்டைக் கிழித்துத் தோரணம் கட்டினார். பென்ஃபீல்டு சேர்த்ததையெல்லாம் இழந்து 1810ல் பாரிஸில் வறுமையில் செத்துப்போனார்.

நவாபுக்கு வந்த சிக்கல், ஒழுகும் தாழ்வாரத்தைச் சரிசெய்ய மேஸ்திரி தேடும் சாதாரண வீட்டுக்காரருக்கும் உண்டு; அளவுதான் வேறு. வேலை தெரிந்தவர் ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர். முன்னவர் என்ன செய்கிறார் என்பது பின்னவருக்குப் பாதிதான் புரியும். கைராசிக்காரர், நாணயமானவர் என்று நாலு பேரிடம் விசாரித்து ஆள் பிடிப்பது எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பி யாரும் வீடு கட்டியதில்லை. சாமானை யார் வாங்குவது, பணம் எப்போது கைமாறுவது, முடிந்த வேலையை யார் அளப்பது என்ற மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொரு காலமும் ஒரு பதில் வைத்திருந்தது. அந்தப் பதில்கள் மாறிவந்த விதத்தில்தான் கதை இருக்கிறது.

கோயில் கட்டிய காலத்தில் பதில் ஆட்களைப் பிரிப்பதில் இருந்தது. மயமதம், மானசாரம் முதலிய சிற்ப நூல்கள் நான்கு பேரைச் சொல்கின்றன: திட்டமிட்டு நடத்தும் ஸ்தபதி, நூல் பிடித்து அளக்கும் சூத்திரகிராகி, கல்லையும் மரத்தையும் செதுக்கும் தட்சகன், அவற்றைப் பொருத்தி எழுப்பும் வர்த்தகி. அளப்பவர் வேறு, செதுக்குபவர் வேறு. ஸ்தபதிக்குக் கைத்திறனோடு பொறாமையின்மை, நேர்மை முதலான குணங்களும் வேண்டும் என்று அந்நூல்கள் கேட்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்ற பெயர் இருக்கிறது. கொடை கொடுத்தவர்கள் பெயரைப் பொறித்த கோயிலில் கட்டியவர் பெயரும் ஏறியது. பெயர் கல்லில் ஏறிவிட்டால் பழியும் அங்கேயே ஏறும்.

சாதாரண வீடுகளுக்குக் கல்வெட்டு கிடையாது. அங்கே ஊர்தான் சாட்சி. ஆசாரியும் கொத்தனாரும் பக்கத்துத் தெருவில் இருந்தார்கள். தாத்தா வீட்டுக்கு நிலை வைத்தவரின் பேரன் பேரனுக்கு நிலை வைத்தார். வேலையில் கோளாறு செய்துவிட்டு வேறு ஊருக்கு ஓடிவிட முடியாது. நிலை வைக்கும் அன்றைக்கு ஆசாரிக்கு வேட்டி துண்டும் தட்சணையும் உண்டு. தென்மாவட்டங்களில் புதுமனை புகுவதற்கு முந்தின இரவு ‘தச்சுக் கழித்தல்’ என்று ஒரு சடங்கு நடக்கும். வேலை செய்தவர்கள் பூசை போட்டு, வீட்டின் தோஷத்தைக் கழித்து, வீட்டுக்காரரிடம் வீட்டை ஒப்படைத்து வெளியேறுவார்கள். சாமி காரியம் என்று அதைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். கணக்கு முடித்துக்கொள்ள நாளும் சாட்சிகளும் குறித்துவைத்த ஏற்பாடாகவும் அதைப் பார்க்கலாம். இன்றைய கான்ட்ராக்டில் இல்லாமல்போன பக்கம் இதுதான்: வேலை எந்த நாளில் முடிந்தது என்பதில் இரு தரப்புக்கும் ஒரே பேச்சு.

ஆனால் அந்த நாட்களை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் கூடாது. பக்கத்துத் தெருக்காரர் என்பதால் வேலை சரியில்லை என்று சொல்லவும் வாய் வராது. வேறொருவரைக் கூப்பிடவும் வழி கிடையாது. வீட்டுக்காரர் நெல்லாகக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கொத்தனார் பேசாமல் போனதும் அதே கட்டுப்பாட்டால்தான்.

ஊர்க்கட்டுப்பாடு இல்லாத சென்னைப் பட்டணத்தில் வேறொன்று காவலாக இருந்தது. அது சுண்ணாம்பு. எண்ணூர், பழவேற்காடு பக்கத்துக் கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, மணலோடு செக்கில் அரைத்து, நாள்கணக்கில் ஊறவைத்துத்தான் கலவை தயாராகும். சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு பளிங்குபோல் மின்னுகிறது என்று பதினெட்டாம் நூற்றாண்டில் வந்துபோன ஐரோப்பியர்கள் வியந்து எழுதினார்கள். செயின்ட் ஹெலினா தீவின் கவர்னராக இருந்த ஐசக் பைக், சென்னையில் உயர்ந்த கலவை எப்படித் தயாராகிறது என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்ப, 1730களின் தொடக்கத்தில் அது அச்சாயிற்று. வெல்லத் தண்ணீர், கடுக்காய்ச் சாறு, நேர்த்தியான பூச்சுக்கு முட்டை வெள்ளை, நெய், தயிர் என்று போகிறது அந்தப் பட்டியல். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களும் இதே வழியில் வந்தவைதான். நூறாண்டு கழித்தும் கை வைத்தால் வழுக்கும்.

மெட்ராஸ் டெரஸ் என்ற தளத்தை எடுத்துக்கொண்டால் இந்தக் காவல் எப்படி வேலை செய்தது என்பது விளங்கும். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டத்தில், சுண்ணாம்புக் கலவையில் பதித்துக்கொண்டே போவார்கள். அதன்மேல் உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவார்கள். பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பல நாள் அடி. கட்டை பதியாமல் துள்ளித் திரும்பினால்தான் வேலை முடிந்தது. அதற்கு மேல் தட்டோடு. கீழே வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கே அடியின் ஓசை மாறுவது கேட்கும். படிப்பு எதுவும் தேவையில்லை. நாள் குறைந்தால் தெரியும், ஆள் குறைந்தாலும் தெரியும். ஏமாற்று இல்லாமல் இல்லை. கருப்பட்டி கலவைக்குப் போகிறதா, வேறெங்காவது போகிறதா என்று பார்க்க ஓர் ஆள் திண்ணையில் உட்காரத்தான் வேண்டியிருந்தது. ஆனால் உட்கார்ந்தால் பார்க்க முடிந்தது என்பது முக்கியம்.

சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்த பிறகு பொதுப்பணித் துறை அதைப் பழைய முறையிலேயே மீட்டெடுத்தது. கடுக்காயும் வெல்லமும் அதற்காக மறுபடி ஊறின. சிமென்ட் மட்டுமே தெரிந்த கொத்தனாரை வைத்துச் சுண்ணாம்புச் சுவரில் கை வைப்பது வீணான காரியம். சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவைத்துப் பழைய சுவரைத் தின்றுவிடும். பழைய வீட்டுக்கு ஆள் தேடுபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே சுண்ணாம்பு வேலை தெரியுமா என்பதுதான்.

வேலை தெரியும் என்பதைச் சொல்லில் காட்டாமல் செய்து காட்டியவர் ஒருவரும் இங்கே இருந்தார். தாமஸ் டி ஹாவிலண்டு என்ற சென்னைப் படை எஞ்சினியர், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிக்குக் குறுக்கே நூறடிக்கும் மேல் அகலமான செங்கல் வளைவுகளால் பாலம் கட்டலாம் என்றார். அவ்வளவு அகலத்துக்குச் செங்கல் தாங்காது என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் விவாதம் செய்துகொண்டிருக்கவில்லை. 1808 வாக்கில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே அந்த அளவில் ஒற்றை வளைவைக் கட்டி நிறுத்தினார். பாலம் வரவில்லை. வளைவோ 1930களின் பிற்பகுதி வரை, நூறாண்டுக்கு மேல், யாருக்கும் பயன்படாமல் நின்று அவர் சொன்னதை மெய்ப்பித்தது. பின்னர் சென்னை எழும்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் தேவாலயத்தை, சேற்று நிலத்தில் கிணறுகள் இறக்கி அந்த அஸ்திவாரத்தின் மேல் எழுப்பியவரும் அவர்தான். 1821ல் திறந்த கட்டடம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஏரி, வாய்க்கால், கட்டடம் எல்லாவற்றையும் கவனித்த பழைய மராமத்து நிர்வாகம் பொதுப்பணித் துறையாக உருமாறியபோது, மூன்று கேள்விகளுக்கும் பதில் காகிதத்துக்கு வந்தது. டெண்டர், முன்வைப்புத் தொகை, விலை அட்டவணை, வேலை எப்படி இருக்க வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லும் மெட்ராஸ் ஸ்டாண்டர்டு ஸ்பெசிஃபிகேஷன். எல்லாவற்றுக்கும் மேலாக அளவுப் புத்தகம். துறைக்காரர்கள் வாயில் ‘எம் புக்’. அதன் பக்கங்களுக்கு எண் உண்டு. ஒரு பக்கத்தையும் கிழிக்கக்கூடாது, எழுதியதை அழிக்கக்கூடாது, அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்து வேண்டும். ஒருவர் அளந்ததை மேலதிகாரி மறுபடி அளந்து பார்ப்பார். பில்லில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, பிறகுதான் விடுவிப்பார்கள். பென்ஃபீல்டு மாதிரி ஆட்கள் புகுந்த ஓட்டைகள் ஒவ்வொன்றையும் அடைக்கப் போட்ட விதிகள் என்று இவற்றைப் படிக்கலாம். ஓட்டை அடைந்ததா என்பது அளப்பவரும் அளக்கப்படுபவரும் எவ்வளவு நெருங்கிய சிநேகிதர்கள் என்பதைப் பொறுத்தது.

இந்தக் காகித உலகத்தில்தான் இந்தியக் கான்ட்ராக்டர்கள் பெரிய ஆட்களானார்கள். தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி, ஹென்றி இர்வின் வரைந்த கட்டடங்களைச் செங்கல்லில் எழுப்பியவர். சொந்தச் சூளை வைத்திருந்தார். சாமானின் தரம் அடுத்தவர் கையில் இல்லை. சேத்துப்பட்டில் அவருக்கு வீடுகள் பல. கணிதமேதை இராமானுஜன் 1920ல் கண்மூடியது அவற்றில் ஒன்றில்தான். எழும்பூர் ரயில் நிலையத்தை 17 லட்சம் ரூபாயில் கட்டி 1908ல் முடித்தவர் பெங்களூர் சாமிநாத பிள்ளை. ஒரு கட்டடத்தைப் பார்த்து அடுத்த கட்டடத்தைக் கொடுக்கும் வழக்கம் இவர்கள் காலத்தில் ஊன்றிவிட்டது.

சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்துக்கு அனுமதியான மதிப்பீடு 9,45,000 ரூபாய். 1892ல் முடிந்தபோது ஆகியிருந்த செலவு 12,98,163 ரூபாய். வீடு கட்டிய எவருக்கும் இந்தக் கணக்கு அதிர்ச்சி தராது. ‘சொன்னதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு’ என்பது இன்றும் நடப்பு விலை. ஆனால் எபேசு நகரத்துக்காரர்கள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பொதுக் கட்டடம் எழுப்ப வரும் கட்டடக் கலைஞர் மதிப்பீட்டைச் சொன்னதும் அவர் சொத்தை அதிகாரியிடம் ஈடாக எழுதி வாங்கிவிடுவார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் விட்ரூவியஸ் குறித்திருக்கிறார். சொன்ன செலவுக்குள் முடித்தால் மரியாதை செய்வார்கள். கால் பங்கு வரை கூடினால் அரசு கொடுக்கும். அதற்கும் மேல் போனால் மிச்சம் அவருடைய சொத்திலிருந்து. அந்தச் சட்டப்படி பார்த்தால் உயர் நீதிமன்றத்தை வடிவமைத்தவர்கள் சுமார் 1,17,000 ரூபாய்க்குப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். வீடு இடிந்து வீட்டுக்காரர் செத்தால் கட்டியவருக்கும் மரணம் என்ற பாபிலோனிய மன்னர் ஹம்முராபியின் சட்டத்தை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். அதே சட்டத்தில் சுவர் சாய்ந்தால் கட்டியவர் தன் காசில் நிமிர்த்தித் தர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. உயிருக்கு உயிர் என்பதைவிட அதுதான் வீட்டுக்காரருக்கு உதவும். எபேசுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேல். தண்டனையை இடிந்த பிறகு வைக்கவில்லை, மதிப்பீடு போடும்போதே வைத்தார்கள்.

தமிழ் மண்ணிலும் கட்டியவரை இப்படிப் பல ஆண்டுகளுக்குப் பொறுப்பாக்கிய இடம் ஒன்று உண்டு: புதுச்சேரி. 1804ல் நெப்போலியன் காலத்தில் எழுதிய பிரெஞ்சு சிவில் சட்டம் 1819ல் அங்கே நடைமுறைக்கு வந்தது. அதன் 1792வது பிரிவு, மொத்தத் தொகை பேசிக் கட்டிய கட்டடம் கட்டுமானக் குறையாலோ மண்ணின் குறையாலோகூட அழிந்தால் பத்து ஆண்டுகளுக்குக் கட்டியவரே பொறுப்பு என்றது. அதற்கடுத்த பிரிவு வீட்டுக்காரர்கள் சட்டம் போட்டு மாட்ட வேண்டியது. மொத்தத் தொகை பேசிவிட்டால், கூலி ஏறிவிட்டது, சாமான் விலை ஏறிவிட்டது, வேலை கூடிவிட்டது என்றெல்லாம் சொல்லி மேலே கேட்க முடியாது. கூடுதல் வேலைக்கு வீட்டுக்காரர் எழுத்தில் ஒப்புதல் தந்து விலையும் பேசியிருந்தால் மட்டுமே உண்டு. கூப்பிடு தூரத்தில் இருந்த ஆங்கிலேயர் பகுதியில் இப்படியொரு தனி விதி இல்லை. அங்கே 1872ன் ஒப்பந்தச் சட்டம்தான். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

புது வீட்டைவிட மராமத்தில்தான் அந்த 1793வது பிரிவு அதிகம் தேவைப்படும். புது வீட்டில் காலி மனையை அளந்துவிடலாம். பழைய வீட்டிலோ உடைத்துப் பார்க்காமல் உள்ளே இருப்பது தெரியாது. ஓதம் ஏறிய சுவரின் பூச்சைத் தட்டினால் பின்னால் செங்கல் மாவாக உதிரும். குளியலறைத் தரையைப் பெயர்த்தால் குழாய் கரைந்துபோயிருக்கும். ‘உடைச்சதுக்கப்புறம்தான் சார் தெரிஞ்சுது’ என்ற வாக்கியம் பாதி நேரம் உண்மை. மீதிப் பாதி நேரம் அது அடுத்த அட்வான்ஸுக்கு முன்னுரை. இரண்டையும் பிரிக்கும் ஒரே வழி, உடைப்பதற்கு ஒரு தொகை, உடைத்துப் பார்த்தபின் எஞ்சியதற்கு இன்னொரு தொகை என்று ஆரம்பத்திலேயே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்வது. அனுபவப்பட்ட மேஸ்திரிகள் தாமாகவே அப்படிப் பேசுவார்கள். முதல் நாளே மொத்தத்துக்கும் ஒரு ரூபாய் பிசகாமல் விலை சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

சிமென்ட் வந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. இந்தியாவில் சிமென்ட் செய்யும் முதல் முயற்சியே சென்னையில்தான், 1904ல், கிளிஞ்சலை வைத்து நடந்தது, எடுபடவில்லை. 1930களில் மதுக்கரையும் டால்மியாபுரமும், 1949ல் தாழையூத்தும் தொடங்கிய பிறகு சுண்ணாம்புச் செக்குகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு மாத வேலை ஒரு வாரமாயிற்று. திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இனிப் பார்க்க ஒன்றுமில்லை. சாம்பல் நிறக் கலவையில் சிமென்ட் ஒன்றுக்கு நாலா, ஒன்றுக்கு எட்டா என்பது கண்ணுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு சிமென்ட் கட்டுப்பாட்டுப் பொருள். தாலுகா அலுவலகத்தில் பெர்மிட் வாங்கினால்தான் மூட்டை. கள்ளச் சந்தையில் சாம்பல் கலந்த மூட்டை. 1982ல் மகாராஷ்டிர முதலமைச்சர் அந்துலே பதவி விலகியது சிமென்ட் ஒதுக்கீட்டுக்கு நன்கொடை வாங்கிய விவகாரத்தில்தான். அதே ஆண்டு கட்டுப்பாடு பாதி தளர்ந்தது. 1989ல் முழுதாக நீங்கியது.

அந்தக் காலத்து வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்த தற்காப்பு, சிமென்டை உள்ளறையில் வைத்துப் பூட்டுவது. காலையில் எண்ணிக் கொடுத்து, மாலையில் காலி சாக்கை எண்ணி வாங்குவார்கள். சாக்கு எண்ணிக்கை சரியாக இருந்தாலும் மூட்டை முழுசாகச் சட்டிக்குள் போனதா என்று பார்க்க வீட்டுப் பெரியவர் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். செங்கல்லை ஒன்றோடொன்று தட்டிக் கணீரென்று கேட்கிறதா என்று பார்ப்பது, மணலை உள்ளங்கையில் தேய்த்து மண் ஒட்டுகிறதா என்று பார்ப்பது, கண்ணாடி டம்ளரில் தண்ணீரோடு கலக்கி வண்டல் எவ்வளவு படிகிறது என்று பார்ப்பது எல்லாம் அவருக்குத் தெரியும். சூளைக்காரர் பெயரெழுத்து அச்சான செங்கல்லைக் கேட்டு வாங்குவார்.

கம்பி விஷயத்தில் இந்தப் பெரியவரும் தோற்றார். கான்கிரீட் போட்டு மூடிய பிறகு உள்ளே எட்டு மில்லியா, பத்து மில்லியா என்று சொல்ல யாராலும் முடியாது. போடும் முன், கம்பி கட்டி முடித்து சென்ட்ரிங் மேல் நிற்கும் அந்தச் சில மணி நேரம்தான் கண்ணுக்குக் கிடைக்கும். பிறகு தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டிய நாட்கள். அதில் சோம்பினாலும் தளம் வெளியே ஒன்றும் காட்டாது, ஐந்தாறு மழைக்காலம் கழித்துத்தான் காட்டும். பணம் கொடுக்கும் முறையும் இதையொட்டியே மாறியது. சாமான் வீட்டுக்காரருடையது, கூலி மட்டும் சதுர அடிக்கு இவ்வளவு என்ற லேபர் கான்ட்ராக்ட் ஒரு பக்கம். எல்லாம் சேர்த்து மொத்தக் கான்ட்ராக்ட் இன்னொரு பக்கம். இரண்டிலும் பேஸ்மென்ட் மட்டத்தில் இவ்வளவு, லிண்டல் மட்டத்தில் இவ்வளவு, தளம் போட்டதும் இவ்வளவு என்று தவணை. பொதுப்பணித் துறையின் பிடித்துவைக்கும் தொகை, பூச்சு முடிந்தபின் கொடுக்கும் கடைசித் தவணையாக வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது. நல்ல மேஸ்திரி அதற்கு முகம் சுளிப்பதில்லை. பாதிப் பணத்தை முதல் நாளே கேட்பவரோ பெரும்பாலும் முந்தின வீட்டுக் கடனை அடைக்கத்தான் கேட்கிறார்.

கம்பியும் மண்ணும் கண்ணுக்குத் தெரியாமல் போனதன் விலை 2014 ஜூன் 28 மாலையில் தெரிந்தது. சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வெளியூர்களிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

அதே 2016ல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. வாங்கிய பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில், அந்தக் கட்டடத்துக்காகவே. ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் 30 நாளில் கட்டியவர் செலவில் சரிசெய்ய வேண்டும். எபேசுக்காரர்கள் பார்த்தால் தலையாட்டுவார்கள். ஆனால் இது மனையும் அடுக்ககமும் விற்பவர்களுக்கான சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையும் எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடமும் பதிவிலிருந்து தப்பிவிடும். விற்பனை இல்லாத பழுதுபார்ப்புக்கும் புதுப்பிப்புக்கும் பதிவே தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. 2019ல் வந்த தமிழ்நாடு கட்டட விதிகள் பொறியாளர்களையும் கட்டுநர்களையும் பதிவுசெய்யச் சொல்கின்றன. ஒரு சமையலறையை இடித்துக் கட்ட வரும் மேஸ்திரியிடம் அந்தப் பதிவை யாரும் கேட்பதில்லை.

மேஸ்திரியின் பக்கமும் ஒன்று இருக்கிறது. ‘கடைசித் தவணை’ என்று பிடித்துவைத்த பணத்தைக் கொடுக்காமலே விட்ட வீட்டுக்காரர்கள் ஏராளம். சித்தாளின் வாரக் கூலியை மேஸ்திரி தன் கையிலிருந்து கொடுத்துவிட்டு அந்த வாசலுக்கு நடையாய் நடப்பார். தமிழ்நாட்டில் 1982ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்ததும், அதன் கீழ் 1994ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்ததும் கட்டடத் தொழிலாளர்கள் சங்கமாகி ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலன். சாரத்திலிருந்து விழுந்தவருக்கு முன்பெல்லாம் கிடைத்தது வீட்டுக்காரரின் இரக்கம் மட்டுமே. ஆள் தேடும் வீட்டுக்காரர், மேஸ்திரியின் ஆட்கள் வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேட்டால் இரண்டு தகவல் கிடைக்கும். ஒன்று, விபத்து நேர்ந்தால் அவர்களுக்கு ஏதாவது உண்டா என்பது. மற்றது, அந்த ஆட்கள் அவரோடு நிலையாக இருப்பவர்களா, அன்றன்று காலையில் நாற்சந்தியில் பிடித்து வந்தவர்களா என்பது.

மராமத்தில் ஏமாந்தவருக்கு இன்று திறந்திருக்கும் கதவு நுகர்வோர் சட்டம். 1986ன் சட்டத்தில் முதலில் வீடு கட்டும் வேலை பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. 1993ல் திருத்தம் செய்து சேர்த்தார்கள். அதே ஆண்டு லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் வீடு கட்டித் தருவதும் சேவையே என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2019ன் புதுச் சட்டத்திலும் அது தொடர்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வேலைக்கு மாவட்ட ஆணையம் போதும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. குறை நேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஆணையம் கேட்பது காகிதம்: என்ன வேலை, என்ன சாமான், என்ன தொகை, எந்தத் தேதிக்குள் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள், பணம் வங்கி வழியாகவோ செல்போன் வழியாகவோ போனதற்கான பதிவு, உடைக்கும் முன்னும், கம்பி கட்டியபின்னும், பூசுவதற்கு முன்னும் எடுத்த படங்கள். மேஸ்திரி சிகரெட் அட்டையின் பின்பக்கம் கிறுக்கிக் கொடுத்த கணக்கு இருந்தால் அதையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அவர் கையெழுத்தில் இருக்கும் ஒரே ஆவணம் பல வீடுகளில் அதுதான்.